சக்கரம் வைத்த பீரோ

அந்த ஊருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வாடகைக்கு வீடு வேண்டுமென்று யாரைக் கேட்டாலும், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். கடையின் ஓரத்தில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சாவிக்கொத்து. மேசைக்குப் பின்னால் மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வீட்டு புரோக்கர். ஊரில் அவரை 'மூணாவது' என்பார்கள். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்லப்போனால் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"எத்தனை வீடு சார் காட்டுவீங்க?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். நாலாவதும் கிடையாது, இரண்டோடு நிறுத்துவதும் கிடையாது.

முதல் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். இரண்டாவதைப் பார்த்துவிட்டு வரும்போது, இந்த ஊருக்கா மாற்றல் வாங்கினோம் என்று கணவனும் மனைவியும் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து மூணாவது மூன்றாவது வீட்டின் கதவைத் திறப்பார். அது ஒன்றும் அரண்மனை இல்லை. சுவர் நேராக இருக்கும், கதவு சாத்தும், குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். அவ்வளவுதான். ஆனால் முதல் இரண்டையும் பார்த்து நொந்துபோன கண்ணுக்கு அது சொர்க்கமாகத் தெரியும். "இதுவே போதும் சார், இன்னைக்கே டோக்கன் குடுத்துடறோம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் சிலர் அழுததும் உண்டு.

இதிலென்ன பெரிய சூது, ஊரிலிருக்கிற புரோக்கரெல்லாம் செய்வதுதானே என்கிறீர்களா? இருங்கள், அவசரப்படாதீர்கள். மூன்றாவது வீடு அவ்வப்போது மாறும். இரண்டாவதும் மாறும். முதல் வீடு மட்டும் பதினோரு வருஷமாக மாறவே இல்லை. ஏனென்றால் அந்த முதல் வீடு அவருடைய சொந்த வீடு. அவரும் அவர் மனைவியும் குடியிருக்கிற வீடு.

அதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். சொந்த வீடு என்பது அவர் வாய்க்கு வந்ததுதான். பத்திரம் மனைவியின் பேரில் இருந்தது. அவளுடைய அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டி, ஒரே மகளுக்கு எழுதி வைத்த மாடி வீடு. ஒரு ஹால், இரண்டு அறை, மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பிள்ளைகள் பந்து விளையாடுகிற மைதானம். சாயங்காலம் நாலரை மணிக்கு வெயில் ஹாலுக்குள் பாதி தூரம் வந்து உட்காரும். கல்யாணமான புதிதில் அந்த ஜன்னலுக்கென்று வெள்ளைத் துணியில் திரை ஒன்று தைத்து வைத்தாள் அவள். திரை தைப்பதுதான் அவள் தொழில். ஒரு பர்னிச்சர் கடைக்காரர் துணியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். ஊரில் பாதி ஜன்னல்களில் அவள் கைத் தையல்தான் ஆடிக்கொண்டிருந்தது. தன் ஜன்னலுக்குத் தைத்த திரையை மாட்டுவதற்கு முன்னால் அந்தச் சனியன் பிடித்த காலை வந்து சேர்ந்தது.

அன்றைக்கு முதல் வீடாகக் காட்டுவதற்கென்றே மூணாவது வைத்திருந்த ஒரு பாழடைந்த போர்ஷனை, யாரோ ஒரு புண்ணியவான் வாடகைக்கு எடுத்துத் தொலைத்துவிட்டான். வாசலில் ஒரு பேங்க் அதிகாரி குடும்பத்தோடு வந்து நிற்கிறார். காட்டுவதற்கு மோசமான வீடு இல்லை. மூணாவதுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்மா" என்று மனைவியிடம் கெஞ்சினார். "வீட்டைக் கொஞ்சம் அலங்கோலமா வெச்சுடு. நீ காலி பண்ணிட்டுப் போற குடித்தனக்காரி மாதிரி ரெண்டு வார்த்தை சலிச்சுக்கோ. போதும்."

ஒரு நாள்தானே என்று அவளும் தலையை ஆட்டினாள். அந்த ஒரு நாள் பதினோரு வருஷம் ஓடியது.

போகப் போக வேலை சுத்தமாகிவிட்டது. ஹால் சுவரில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், ஈரம் கசிந்த மாதிரி ஒரு பெரிய பழுப்புத் திட்டு. அது பால் கலக்காத டீத்தண்ணி. வாரத்துக்கு இரண்டு தரம் அவள்தான் பழந்துணியில் தொட்டுப் பூசுவாள். சமையலறைக் குழாயின் வாஷரை மூணாவது கழற்றி வைத்துவிட்டார், சொட்டுச் சொட்டென்று சொட்டும். நனைந்த துணியெல்லாம் ஹாலில் குறுக்குக் கயிற்றில் தொங்கும். அந்த ஜன்னலை என்ன செய்வது? ஜன்னல் ஒன்று போதுமே, பார்க்க வருகிறவர்கள் மனசு மாறிவிடுமே! ஆகவே இரும்பு பீரோவுக்கு அடியில் நாலு சக்கரம் வைத்தார். ஆள் வருகிறது என்று போன் வந்தால், பீரோ உருண்டுபோய் ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கும். வீடு இருட்டிக்கொண்டு கிடக்கும். அவள் தலையைக் கலைத்துக்கொண்டு கதவைத் திறந்து, "இந்த வீட்டுக்கா வர்றீங்க? எங்களைப் பாத்தாவது புத்தி வர வேணாமா?" என்பாள். சில நாள் தன் சொந்தச் சரக்காக ஒரு இருமலும் சேர்த்துக்கொள்வாள்.

"இருமல் வேணாம்மா. ஓவரா இருக்கு" என்பார் மூணாவது.

"எனக்கு நெசமாவே இருமல் வருதுங்க. ஜன்னலைத் தொறந்தாத்தானே காத்து வரும்?"

அதை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒரு பெண்மணி வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். தோளில் கனத்த கைப்பை. வெளியூரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். தங்கியிருப்பது லாட்ஜில். வியாழக்கிழமை வீட்டுக்காரரும் இரண்டு பெண்களும் சாமான் லாரியோடு வந்து இறங்குகிறார்கள். இன்றைக்குத் திங்கள்.

"இதோட அஞ்சாவது ஊர் சார். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு புரோக்கர் என் காதுல பூ சுத்தியிருக்காரு" என்றார்.

"நம்மகிட்ட அந்த வேலையே கிடையாது மேடம்" என்று மூணாவது மூன்று விரலைக் காட்டினார். எத்தனை பேர், நாய் உண்டா, இரண்டு சக்கர வண்டியா நாலு சக்கர வண்டியா எல்லாம் கேட்டார். ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று மட்டும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ், வேறென்ன? அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். அந்த அம்மாள் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் கறை எடுக்கிற பிரிவுக்கு மேற்பார்வையாளராக வந்தவர். பதினெட்டு வருஷமாக ரத்தம், மருந்து, மை, டீ என்று கறையோடு குடித்தனம் நடத்துகிறவர். தூரத்தில் நின்று பார்த்தே எது எந்தக் கறை, எத்தனை நாள் கறை என்று சொல்லிவிடுவார்.

அந்த லாண்டரியம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் ஹால் நடுவில் நிறுத்தினார் மூணாவது. மனைவி வழக்கம்போல் தலைவிரிகோலமாக வந்து சலித்துக்கொண்டாள். குழாய் சொட்டியது. மேலே கயிற்றில் தொங்கிய ஈரத் துண்டு லாண்டரியம்மாவின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டியது.

"சுவரு இப்படித்தான் மேடம், மழைக்காலத்துல இன்னும் மோசம்" என்று மூணாவது உச்சுக்கொட்டினார். "ஆனா உங்களுக்கு அவசரம்னு சொன்னதால காட்டுறேன்."

லாண்டரியம்மா சுவருக்குப் பக்கத்தில் போனார். கைக்குட்டையின் ஒரு முனையை நாக்கில் தொட்டு, திட்டின் ஓரத்தில் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். பீரோவின் காலடியிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் தரையில் இரண்டு தடம் பளபளவென்று தேய்ந்து ஓடியது. "ம்" என்றார். மூணாவதுக்கு மனசுக்குள் குதூகலம். அம்மாவுக்குக் குமட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அதே நேரம் அவர் போன் அடித்தது. மூன்றாவது வீட்டின் சொந்தக்காரர். பேச்சு லாண்டரியம்மாவின் காதில் விழக்கூடாது என்று படிக்கட்டுக்குப் போய்ப் பேசினார். ஐந்து நிமிஷம்தான் பேசியிருப்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் ஹாலில் என்ன நடந்தது என்பது அவருக்கு மத்தியானம்தான் தெரிய வந்தது. நமக்கென்ன, இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

"அக்கா, இது டீதானே?" என்று லாண்டரியம்மா கேட்டார். "ஈரம்னா உள்ளேருந்து வரும், சுவரு உப்புப் பூத்து உதிரும். இது மேல பூசினது. ஓரம் கறுத்து நடுவுல வெளுத்திருக்கு பாருங்க, டீ காஞ்சா இப்படித்தான். நேத்து சாயங்காலம் பூசினீங்களா?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மாட்டிக்கொண்டவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டியது. "நேத்து ஆறு மணிக்கு" என்றாள்.

"பீரோவுக்குப் பின்னாடி ஜன்னலா?"

"ஆமா. மைதானம் தெரியும். எங்கப்பா எனக்குக் கட்டின வீடு. அந்த புரோக்கர்தான் என் வீட்டுக்காரர்."

"உங்க போன் நம்பர் சொல்லுங்க" என்றார் லாண்டரியம்மா.

மூணாவது திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒன்றும் அறியாதவர்களாக நின்றார்கள். அவள் வேண்டுமென்றே ஒரு தடவை இருமினாள். அவர் முறைத்தார்.

இரண்டாவது வீட்டைப் பற்றி நான் நேரத்தை வீணாக்கப்போவதில்லை. கழிவறைக்குப் போக பக்கத்து வீட்டுச் சமையலறை வழியாகப் போக வேண்டும், அவ்வளவு சொன்னால் போதும். பதினோரு மணிக்கு மூன்றாவது வீடு. கீழே ஒரு ஐஸ் டிப்போ, ஷட்டர் இறங்கியிருந்தது. மேலே வெள்ளையடித்த இரண்டு அறை. தரை ஜில்லென்று இருந்தது. தெருவில் ஈ, காக்கை இல்லை.

"அமைதின்னா அமைதி மேடம்" என்று மூணாவது குரலைத் தாழ்த்தினார், ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி. "ஊசி விழுந்தாக் கேக்கும். கீழே டிப்போ எப்பவும் மூடித்தான் கிடக்கும். அந்தக் குளிர்ச்சி மேல வருது பாருங்க, ஏசியே தேவையில்லை."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, காலை எட்டு மணிக்கு மேல் வந்து பார்த்தால். அஞ்சு மணியிலிருந்து எட்டு வரைக்கும் அங்கே பாறை பாறையாக ஐஸ் வந்து இறங்கும். அதை உடைக்கிற மெஷின் போடுகிற சத்தத்தில் மாடியில் இருக்கிற பாத்திரமெல்லாம் தானாக நடக்கும். குடிவருகிறவர்கள் நாலு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போவார்கள். மூணாவது அடுத்த ஆளைக் கொண்டுவந்து விடுவார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அந்த வீடு அவருக்குச் சோறு போட்டது.

லாண்டரியம்மா இரண்டு அறையையும் பார்த்தார். ஜன்னலைத் திறந்தார். மூன்றடியில் ஒரு மொட்டைச் சுவர். சாத்தினார்.

"மொதல் வீட்டையே எடுத்துக்கறேன் சார்."

மூணாவதுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தொழிலில் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லை. "எந்த மொதல் வீடு?" என்று கேட்டார்.

"மொதல்ல காட்டினீங்களே, அது."

"மேடம், சுவரைப் பாத்தீங்களா இல்லையா? குழாய் ஒழுகுது!"

"வாஷர் போட்டா நிக்கும்."

"இருட்டு மேடம். பகல்லயே லைட்டுப் போடணும்."

"பீரோவைத் தள்ளினா வெளிச்சம் வரும்."

அந்த 'பீரோ' என்ற சொல் மூணாவதுக்கு எங்கேயோ இடித்தது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவரா? கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன் மேடம், வெளியில சொல்லிடாதீங்க. அந்த வீட்டுச் சொந்தக்காரி இருக்காளே, அவ ஒரு ராட்சசி. வாயைத் தொறந்தா மூட மாட்டா. ஒரு நாள் வாடகை தாமதமானா வாசல்ல வந்து உக்காந்துக்குவா. அவ புருஷனே அவளைக் கண்டா நடுங்குவான்னா பாத்துக்கோங்க. பாவம், அந்த மனுஷன்..."

லாண்டரியம்மா கைப்பையிலிருந்து போனை வெளியே எடுத்தார். இந்த வீட்டுப் படி ஏறியதிலிருந்தே அது இணைப்பில்தான் இருந்தது. ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ம், சொல்லுங்க" என்றது போனிலிருந்து அவர் மனைவியின் குரல். "அந்தப் பாவம் பிடிச்ச மனுஷன், அப்புறம்?"

மூணாவதின் முகத்தில் ஈயாடவில்லை. மடிப்புக் கலையாத சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அரை மணி நேரத்தில் மூன்று பேரும் மறுபடி அந்த ஹாலில் நின்றார்கள். அவள் தலையை வாரிக் கட்டியிருந்தாள். ஈரத் துணிகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்திருந்தாள். லாண்டரியம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, சுவரில் நாலு தரம் பீய்ச்சி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியால் ஒரே இழுப்பு. பதினோரு வருஷத்துத் திட்டில் ஒரு கை அகலம் போய் அடியில் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அடுத்தபடியாக பீரோவை ஒரு விரலால் தள்ளினார். அது பழகிய கழுதை மாதிரி தானாக உருண்டுபோய் எதிர்ச் சுவரில் நின்றுகொண்டது. ஜன்னல் திறந்தது. மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கிற சத்தம் ஹாலுக்குள் வந்தது.

"இது விளையாட்டு இல்ல" என்று மூணாவது மனைவியைத் தனியாக அறைக்குள் இழுத்துப்போனார். "எதையாவது சொல்லி அந்தம்மாவை அனுப்பிடு. நம்ம வீட்டைக் குடுத்துட்டு நாம எங்க போறது?"

"நீங்க புரோக்கர்தானே? எனக்கு ஒரு வீடு காட்டுங்க."

"உளறாதே."

"யாரு உளர்றது?" அவள் குரல் உயர்ந்தது. கதவு திறந்துதான் இருந்தது, அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "எங்கப்பா கட்டின வீட்டுல என் கையாலயே டீயைப் பூசினேன். ஊர்ல இருக்கற ஜன்னலுக்கெல்லாம் திரை தச்சேன், என் ஜன்னலுக்குப் பீரோவை வெச்சேன். எத்தனை பொம்பளைங்க இந்த வாசல்ல நின்னு என்னைப் பாவமா பாத்துட்டுப் போயிருக்காங்க தெரியுமா? ஒருத்தி என் கையில காசு குடுத்துட்டுப் போனா. நல்லா வாழணும்னு ஆசைப்பட்டு வந்தவளை, கேவலமா வாழற மாதிரி நடிக்க வெச்சீங்க. நடிச்சு நடிச்சு எனக்கு அதுவே பழகிடுச்சுங்க. அதான் எனக்கு ஆத்திரமா இருக்கு."

மூணாவது கதவைச் சாத்தப் போனார். அவள் காலால் தடுத்தாள்.

"பதினோரு மாசத்துக்கு எழுதிக் குடுக்கப்போறேன். வருஷத்துக்கு ஒரு மாசம்னு கணக்கு வெச்சுக்கோங்க. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. இனிமே நான் இருக்கற வீட்டுக்குள்ள ஒரு ஆளைக்கூடப் பாக்கறதுக்குன்னு கூட்டிட்டு வரக்கூடாது. கூட்டிட்டு வந்தா, எனக்கு மட்டும் ஒரு வீடு நானே பாத்துக்குவேன். புரோக்கர் இல்லாமலே."

அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நடிப்புக்கும் நிஜத்துக்கும் அவள் குரலில் இருக்கிற வித்தியாசத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பயந்துபோனார். அசல் பயம்.

"சரிம்மா, சரி. நல்ல வீடா ஒண்ணு பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முழி பிதுங்கியது. நல்ல வீடு எங்கேயிருந்து புரோக்கர் கைக்கு வரும்? நல்ல வீட்டைக் காலி செய்கிறவன் மச்சானுக்கோ கூட வேலை செய்கிறவனுக்கோ காதோடு சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். போக்கிடம் இல்லாத வீடுதான் மூணாவதின் சாவிக்கொத்தில் வந்து தொங்கும். வியாழக்கிழமைக்குள் குடிபோகிற மாதிரி அதில் இரண்டே வீடுதான் இருந்தது. ஒன்று பக்கத்து வீட்டுச் சமையலறை வழியாகப் போகிற வீடு.

"அந்த மூணாவது வீடு இருக்கே" என்றாள் அவள் பின்னாலிருந்து. "ஊசி விழுந்தாக் கேக்கும்னு சொன்னீங்களே, போன்ல கேட்டேன். அதுக்கே போயிடலாம்."

"அது வேணாம்மா."

"ஏன்?"

"அது... அது நல்லா இல்ல."

"நல்லா இல்லையா? அப்ப ஏன் அந்தம்மாவுக்குக் காட்டினீங்க?"

ஹாலில் லாண்டரியம்மா மீதித் திட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார். மூணாவது சாவிக்கொத்திலிருந்து ஐஸ் டிப்போ மாடிச் சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

புதன்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. புரோக்கர் கமிஷன் யாருக்கு என்று லாண்டரியம்மா கேட்டதற்கு, "வீட்டைக் காட்டினது நான், எனக்குத்தான்" என்று அவள் சொன்னாள். மூணாவது சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே அவர்களுடைய சாமான் ஐஸ் டிப்போ மாடிக்குப் போனது. குழாய்க்குப் புது வாஷர் வாங்கி, போகிறபோக்கில் மாட்டிவிட்டு வந்தார் மூணாவது. யாரும் சொல்லாமலே செய்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பீரோவிலிருந்து சக்கரத்தையும் கழற்றிவிட்டார். அதனால் அதை மாடி ஏற்றுவதற்குள் நாலு ஆளுக்கு நாக்குத் தள்ளியது.

மறுநாள் காலை சரியாக ஐந்து மணிக்குக் கீழே ஷட்டர் ஏறியது. அடுத்த நிமிஷம் மெஷின் ஓட ஆரம்பித்தது. கட்டில் நாலு விரல் நகர்ந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓரத்துக்கு ஊர்வலம் போயின. மூணாவது எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவளும் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள். "ஊசி எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

அவர் தலையணையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கட்டில் ஆடுவது மெஷினாலா தன்னாலா என்று தெரியாத அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று தலையணைக்கு அடியில் அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை பிடிக்கவில்லை.

விடிந்ததும் அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அந்த வெள்ளைத் திரை. மடித்த இடத்தில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கம்பியில் வளையங்களைக் கோக்க ஆரம்பித்தாள். எதிரே மூன்றடியில் மொட்டைச் சுவர்.

"சுவருக்கு எதுக்கும்மா திரை?" என்று அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கத்திக் கேட்டார்.

"இருக்கட்டும். இங்க யாரும் பாக்க வரப்போறதில்ல. எனக்காக மாட்டறேன்."

மைதானம் பார்க்கிற ஜன்னலில் ஆட வேண்டிய திரை இது என்று நினைத்தபோது, தன் மேலேயே அவருக்கு வெறுப்பாக வந்தது.

அப்போது போன் அடித்தது. வெளியூர்க்காரர் ஒருவர். மாற்றலாகி வந்திருக்கிறாராம், இப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கினாராம். போனைக் காதில் வைத்ததுமே மூணாவதின் முகம் தானாக மலர்ந்தது. என்ன செய்வது, பதினோரு வருஷத்துப் பழக்கம்! கண் வீட்டைச் சுற்றி ஓடியது. ஆடுகிற கட்டில், நடக்கிற டம்ளர், மூக்கை இடிக்கிற சுவர். டீ பூச வேண்டாம், வாஷரைக் கழற்ற வேண்டாம், பீரோவைத் தள்ள வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் போதும். இப்படி ஒரு முதல் வீடு இந்தத் தொழிலில் எவனுக்கு வாய்க்கும்?

"எத்தனை வீடு சார் காட்டுவீங்க?" என்று போனில் கேட்டார் வெளியூர்க்காரர்.

மூணாவதின் கை தானாக மேலே எழுந்தது. மூன்று விரலும் விரிந்துவிட்டன. ஸ்டூலின் மேல் வளையம் கோக்கிற சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. கையில் ஒரு வளையத்தைப் பிடித்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவர் அவள் முதுகைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். இரண்டு விரலை மடக்கினார்.

"ஒண்ணுதாங்க" என்றார்.

"என்ன சார்? ஒரே சத்தமா இருக்கு, கேக்கலை!"

"ஒண்ணு!" என்று மெஷினுக்கு மேலே தொண்டை கிழியக் கத்தினார் மூணாவது. கீழே ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். "ஒரே ஒரு வீடுதான் காட்டுவேன்! நல்லா இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுவேன்!"

அவள் அடுத்த வளையத்தைக் கம்பியில் கோத்தாள்.